மணமகன்களில் குறை கண்டுபிடித்தேன் என்ற புகாரிலிருந்து என்னை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
க. வினோதினி (வயது 28),
த/பெ. கண்ணையன்,
வடக்குத் தெரு,
வேப்பந்தட்டை,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: இணையதளத்தில் இருந்த பாதுகாப்புக் குறையைத் தெரிவித்தமைக்காக என் மீது அளிக்கப்பட்ட புகாரை முடித்து வைக்கவும், விசாரணைக்காக ஒப்படைக்கப்பட்ட என் மடிக்கணினியைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. 'மாலைமாற்று திருமணத் தகவல் மைய' உரிமையாளர் திரு. வீரமணி என் மீது அளித்த புகார்.
2. என் மீது புகார் ஏதும் இல்லை என்று அதே திரு. வீரமணி பின்னர் அளித்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு சற்று நீளமானது. இதுவரை நான் சுருக்கமாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ ஒன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஆகவே இம்முறை முழுவதையும் எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. நான் கணினி அறிவியல் பட்டதாரி. நிறுவனங்களின் இணையதளங்களிலும் செயலிகளிலும் உள்ள பாதுகாப்புக் குறைகளைத் தேடி, கண்டால் அந்த நிறுவனத்துக்கே தெரிவிப்பது என் தொழில். இதற்கென உள்ள சேவை நிறுவனங்கள் இரண்டில் முறைப்படி பதிவு செய்திருக்கிறேன். எங்கள் வீட்டு மாடி அறையே என் அலுவலகம். எங்கள் தெருவில் இதை, "அது வூட்லயே ஒக்காந்து என்னமோ பண்ணுது" என்பார்கள். அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் இதுவரை வரவில்லை.

2. சென்ற ஆவணி மாதம் என் தாயார் திருமதி அம்மாக்கண்ணு, எனக்கு வரன் தேடும் பொருட்டு, பெரம்பலூரில் இயங்கும் மேற்படி திருமணத் தகவல் மையத்தில் என் விவரங்களைப் பதிந்தார். எனக்கு இதில் ஆட்சேபம் இருக்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருக்கும். என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க அவர்களுடைய இணையதளத்தைத் திறந்தேன். என் தொழில் 'ஐ.டி.' என்றும், குணம் 'எதிர்த்துப் பேசாது' என்றும் இருந்தது. முதலாவது ஓரளவு சரி.

3. என் பக்கத்தின் இணைய முகவரி என் பதிவு எண்ணோடு முடிவதைக் கவனித்தேன். அப்படி முடியும் முகவரியைப் பார்த்தால் என் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கடைசி எண்ணை ஒன்று கூட்டிப் போட்டேன். வேறொருவரின் பக்கம் முழுமையாகத் திறந்தது. கைபேசி எண், வீட்டு முகவரி, சாதகம், சொத்து விவரம், முன்பு பேசி நின்றுபோன சம்பந்தம் ஏன் நின்றது என்பது வரை எல்லாம் இருந்தன. இரு தரப்பும் சம்மதித்த பிறகே இவை காட்டப்படும் என்று அந்நிறுவனம் உறுதி கூறுகிறது. விடுதியில் எனக்குக் கொடுத்த சாவி அடுத்த அறைக் கதவையும் திறந்தால் எப்படியோ அப்படி. ஒரு கதவில் மட்டும்தான் இந்தக் கோளாறா என்று உறுதி செய்ய இன்னும் இரண்டு எண்களைப் போட்டுப் பார்த்தேன். அவையும் திறந்தன. அனுமதி இல்லாத இடத்தில் அதற்கு மேல் பார்ப்பது முறையன்று என்பதால் நிறுத்திக்கொண்டேன். எதையும் நகலெடுக்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை.

4. அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதன் வாசகம் வருமாறு: 'உங்கள் தளத்தில் கடுமையான குறை ஒன்று உள்ளது. பதிவு செய்தவர்களின் நலன் கருதி உடனே சரிசெய்யவும். உதவி தேவைப்பட்டால் செய்யத் தயாராக இருக்கிறேன்.' பதில் வரவில்லை. இந்த வாசகமே பின்னர் 'மிரட்டல் கடிதம்' என்று புகாரில் குறிப்பிடப்பட்டது. அதில் மிரட்டல் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று நான் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். 'உதவி' என்ற சொல்லாக இருக்கலாம்.

5. இங்கே நான் அப்போது அறியாத செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தளத்தில் ஒருவரின் முழுப் பக்கம் திறக்கப்பட்டால், 'உங்கள் விவரத்தைப் பார்த்து இவர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்' என்று, பார்த்தவரின் தொடர்பு எண்களோடு, அவருக்குத் தானாகவே செய்தி போய்விடும். நான் திறந்த மூன்று பக்கங்களில் இரண்டு மணமகன்களுடையவை. ஒருவர் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை ஊழியர். மற்றவர் உடையார்பாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ரெட்டிபாளையத்தார் ஒரு வேனிலும் உடையார்பாளையத்தார் ஒரு காரிலும் பழம், பூ சகிதம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்கூட்டித் தொலைபேசியில் பேசித்தான் வந்தார்கள். இரண்டு அழைப்புகளையும் என் தாயார் ஒரே குடும்பம் என்று நினைத்து, இரண்டு முறையும் "தாராளமா வாங்க" என்றிருக்கிறார்.

அச்சமயம் என் தந்தை முற்றத்தில் சின்ன வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தார். வந்தவர்கள் வெங்காயத்தின் இரு பக்கமும் நின்றார்கள். ரெட்டிபாளையத்து அம்மையார், உடையார்பாளையத்து அம்மையாரைப் பெண் வீட்டு உறவினர் என்று எண்ணி, "நீங்க பொண்ணுக்கு என்ன மொற வேணும்?" என்று கேட்டார். "நாங்க பொண்ணு பாக்க வந்திருக்கோம்ங்க" என்றார் அவர். "நாங்களுந்தான்" என்றார் இவர். என் தந்தை வெங்காயத்தை மிதிபடாமல் நடுவே கூட்டிக் குவித்தார்.

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று என் தாயார் அனைவருக்கும் கேசரி கிளறினார். நான் இரு தரப்பையும் ஒன்றாக வைத்து நடந்ததை விளக்கினேன். ரெட்டிபாளையத்து அம்மையாரின் முகம் சிவந்தது.

"எம்புள்ளகிட்ட அப்புடி என்னம்மா கொறைய கண்ட?"

"உங்க புள்ளகிட்ட இல்லைங்க. தளத்துலதான் கொறை."

"தளத்துலயா? போன தையிலதான் தளம் போட்டோம். ஆலைல வேல பாக்குற வூடும்மா எங்க வூடு. ஒரு சொட்டு ஒழுவுனா கேளு!"

இணையதளம் வேறு, மொட்டைமாடித் தளம் வேறு என்று நான் தெளிவுபடுத்துவதற்குள் அவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள். உடையார்பாளையத்தார் கேசரியை முடித்துவிட்டுக் கௌரவமாக விடைபெற்றார்கள். இரு குடும்பங்களும் அன்று மாலையே திரு. வீரமணியைத் தொலைபேசியில் அழைத்து, பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைகளை ஏலம் விட்டதாகப் புகார் செய்தார்கள் என்று அறிகிறேன்.

6. மறுநாள் நானே அந்நிறுவனத்துக்கு நேரில் சென்றேன். திரு. வீரமணி நல்ல மனிதர் என்பதை இவ்விடத்தில் பதிவு செய்கிறேன். நான் வாய் திறப்பதற்குள், "புடிக்கலைன்னா வுடும்மா, வேற பையன் காட்டுறேன். ரெண்டோட ஏன் நிறுத்துன?" என்று ஆறுதல் கூறினார். நான் அவருடைய கணினியிலேயே குறையைச் செய்து காட்டினேன். உடனே, அந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்த, அரியலூரில் கணினி மையம் நடத்தும் திரு. முத்தமிழ்செல்வனை வரவழைத்தார். அவர் என்னைப் பார்த்ததும், "சார், எங்க தளத்துல எந்தக் கொறையும் கெடையாது. இவங்க பூட்ட ஒடச்சு உள்ள வந்திருக்காங்க. இதுக்குப் பேரு ஹேக்கிங்" என்றார். பூட்டே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி என்றேன். "பூட்டு இல்லைங்கறதுக்காக உள்ள வரலாமா?" என்றார். அது நியாயமான கேள்விதான். ஆனால் பூட்டைப் போட வேண்டியவர் அதைக் கேட்டதுதான் எனக்கு வருத்தம்.

திரு. முத்தமிழ்செல்வனின் பேச்சை நம்பி, அன்று மாலையே திரு. வீரமணி என் மீது புகார் அளித்தார். 'மேற்படி பெண் மணமகன்களின் விவரங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, அவர்களில் குறை கண்டுபிடித்து, நிறுவனத்துக்கு மிரட்டல் விடுத்தார்' என்பது அதன் சாரம். விசாரணைக்கு நான் முழுமையாக ஒத்துழைத்து, என் மடிக்கணினியை நானே ஒப்படைத்தேன். என்னை விசாரித்த அதிகாரி மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்.

7. 'அடுத்தவர் தளத்தில் குறை தேடுவது எப்படித் தொழிலாகும்?' என்று அவர் கேட்டார். அதற்கு நான் அளித்த விளக்கத்தால்தான் பின்னால் நடந்தவை எல்லாம் நடந்தன. எனவே அதை அப்படியே தருகிறேன்.

நிறுவனங்கள் வெளியாட்களைக் கொண்டு தங்கள் தளத்தைச் சோதிப்பதில் இரண்டு வகை உண்டு. முதலாவதை பக் பவுண்டி என்பார்கள். யார் வேண்டுமானாலும் தேடலாம் என்று பொதுவில் அழைப்பு விடுவார்கள். காலக்கெடு இருக்காது. குறையைக் கண்டு, அதை நிரூபித்து, முதலில் தெரிவித்தவருக்கு மட்டும் பரிசு. மற்றவர்களுக்கு நன்றி. இரண்டாவது, பலர் பதிவு செய்துள்ள சேவையிலிருந்து தகுதி பார்த்துச் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யும் பென் டெஸ்ட் என்னும் ஊடுருவல் சோதனை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுத்தில் அனுமதி வாங்கி, குறித்த காலத்துக்குள் ஒரு மூலை விடாமல் பார்த்து, குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறிக்கை தருவார்கள். இங்கே ஊதியம் வேலைக்கு, கண்டுபிடிப்புக்கு அல்ல. திருத்திய பிறகு மறுபடியும் வந்து சோதிப்பார்கள்.

அதிகாரி தா.பழூர்ப் பக்கம் நெல் விளையும் ஊர்க்காரர். அவருக்கு இப்படிச் சொன்னேன்: வயலில் எலித் தொல்லை. எலி வால் கொண்டுவந்தால் வாலுக்கு இவ்வளவு என்று ஊரில் சொல்வது முதல் வகை. எலி பிடிக்கத் தெரிந்த நாலு பேரை அழைத்து, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை ஒரு வளை விடாமல் வெட்டிப் பாருங்கள் என்பது இரண்டாம் வகை. முதல் வகையில் ஆயிரம் கண் பார்க்கும். ஆனால் எங்கே எலி சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கேதான் எல்லாரும் போவார்கள். அணிலின் வாலும் வரும். அதையெல்லாம் பிரிக்க நமக்கு ஓர் ஆள் வேண்டும். இரண்டாம் வகையில் கண்கள் குறைவு. ஆனால் எந்த வரப்பைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று நமக்குத் தெரியும். அதிகாரி, "இப்பப் புரியுதும்மா" என்றார்.

புறப்பட இருந்த நேரத்தில், உடன் வந்து வெளியே அமர்ந்திருந்த என் தாயார் உள்ளே வந்தார். அவர் காதில் 'பென் டெஸ்ட்' என்பது 'பெண் டெஸ்ட்' என்று விழுந்திருக்கிறது. "எம்பொண்ணுக்கு என்ன டெஸ்ட்டு எடுக்கணும்ங்கறீங்க? மாப்ள வூட்டுக்காரன் சொன்னானா?" என்று கேட்டு, நிலையத்தில் இருந்த மற்ற மனுதாரர்களின் ஆதரவையும் திரட்டிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதில் விசாரணையின் மீதி நேரம் சென்றது. அவர் சார்பில் நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. இவ்விளக்கத்தைப் புகார்தாரரான திரு. வீரமணியும் அங்கே அமர்ந்து கேட்டிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "கண்டுபிடிச்சாத்தான் பரிசு, இல்லைன்னா ஒண்ணும் இல்ல. அந்த மொத வகை நல்லாருக்கேம்மா" என்றார். நான் அப்போதே தடுத்தேன். முதலில் தெரிந்த ஓட்டையை அடையுங்கள். பிறகு சிலரை வைத்து முழுவதும் பாருங்கள். எல்லாம் முடிந்த பின் ஊரைக் கூப்பிடலாம் என்றேன். திரு. முத்தமிழ்செல்வன், தம் தளத்தில் குறையே இல்லை என்பதால் பரிசு கொடுக்க வேண்டிய நிலையே வராது என்று உறுதியளித்தார்.

அதன்படி பெரம்பலூரிலும் அரியலூரிலும் பேருந்து நிலையங்களுக்கு அருகே பிளெக்ஸ் வைக்கப்பட்டது. 'மாலைமாற்றில் குறை கண்டுபிடியுங்கள்! எவர்சில்வர் அண்டா வெல்லுங்கள்!' என்ற வாசகத்தின் கீழே மாலையும் கழுத்துமாக ஒரு மணமகன், மணமகள் படம் இருந்தது. எதில் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஐயா அவர்களே சிந்தித்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை படம் போட்டுக் குறை கண்டுபிடிக்கச் சொன்னால், இந்த இரண்டு மாவட்டங்களில் யாருக்குத்தான் ஆர்வம் வராது?

மறுநாள் முதல் அந்த அலுவலகப் படிக்கட்டில் வரிசை நின்றது. ஒரு மாப்பிள்ளையின் புகைப்படம் பழையது, அதில் அவர் சாய்ந்து நிற்கும் வண்டியே பழைய இரும்புக்குப் போய் வெகுகாலம் ஆகிறது என்று ஒருவர் தெரிவித்தார். 'துபாயில் மேலாளர்' எனப் பதியப்பட்டவர் மேலாளரின் காரை ஓட்டுபவர் என்று லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் வருத்தத்துடன் தெரிவித்தார். அந்த மாப்பிள்ளை அவருக்கு மருமகன் முறை. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்று போட்டிருப்பது பொய் என்று சொன்ன வெற்றிச்செல்வி என்ற ஆசிரியை, ஆதாரமாக அந்த மாப்பிள்ளை பள்ளிக் கதவருகே நிற்கும் படத்தையும் கதவின் அளவையும் கொண்டுவந்தார். என் தொழிலில் இதை ஆதாரத்துடன் கூடிய அறிக்கை என்போம். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டாயிற்று.

ஒரே மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தை இரண்டு ஓரகத்திகள் தனித்தனியே தெரிவித்து, யார் முதலில் சொன்னது என்று படிக்கட்டிலேயே தகராறு ஆகி, அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பக் பவுண்டியில் இரட்டிப்பு அறிக்கை என்பது உலகம் முழுவதும் உள்ள சிக்கல்தான். ஆனால் அங்கெல்லாம் அண்டா நடுவில் இருப்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தால் நன்மையும் விளைந்தது. முதல் திருமணத்தை மறைத்துப் பதிந்திருந்த ஒருவர் இதில் அகப்பட்டார். அவருக்கு நிச்சயம் செய்ய இருந்த பெண்ணின் தந்தை, திரு. வீரமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எந்த நிபுணர் குழுவும் அதைக் கண்டுபிடித்திருக்காது. பல கண்களின் பலம் அதுதான்.

9. வந்து குவிந்த சீட்டுகளைப் படித்துப் பிரிக்கும் பொறுப்பு திரு. முத்தமிழ்செல்வனுடையது. அவற்றில் ஒன்று லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த திரு. உபைத் எழுதியது. அவர் ஷார்ஜாவில் கணினி வலையமைப்புப் பணியில் இருப்பவர், விடுப்பில் வந்திருந்தார். நான் கண்ட அதே குறையை அவரும் கண்டு, படிப்படியாக, எப்படித் திருத்துவது என்பது உட்பட எழுதிக் கொடுத்திருந்தார். அது நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டதற்கு, 'எந்த மாப்பிள்ளை என்று பெயர் குறிப்பிடவில்லை' என்று பதில் எழுதப்பட்டிருந்தது.

10. இனி நான் எழுதப்போவது இம்மனுவின் முக்கியமான பகுதி.

நான் திறந்த மூன்றாவது பக்கம் சிந்து என்ற பெண்ணுடையது. அவர் பெயரை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதாமைக்கு மன்னிக்க வேண்டும். கணவரின் அடி உதை தாங்காமல் நீதிமன்றம் சென்று மணவிலக்குப் பெற்றவர். அதன் பிறகும் அந்த மனிதர் தேடி வந்து தகராறு செய்ததால் ஊர் மாறி வாழ்கிறார். மறுமணத்துக்குப் பதிந்தபோது அவர் திரு. வீரமணியிடம் வைத்த ஒரே கோரிக்கை, முகவரி யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான். 'வினோதினி விருப்பம் தெரிவித்திருக்கிறார்' என்ற செய்தி அவருக்கும் போயிருந்தது. யார் நீங்கள், ஏன் என்னைப் பார்த்தீர்கள் என்று கேட்டு எனக்குத் தகவல் அனுப்பினார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானும் அவருடைய முன்னாள் கணவர் வைத்த ஆளோ என்று சந்தேகப்பட்டு, என் எண்ணை முடக்கிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பின்னர் ஒரு நாள் அரியலூரில் பேருந்துக்கு நின்றபோது அந்தப் பிளெக்ஸைப் பார்த்திருக்கிறார். நான் சொன்னது உண்மை என்று அங்கேதான் அவருக்கு உறைத்திருக்கிறது. முடக்கிய எண்ணை விடுவித்து, என்னை அழைத்தார். "அக்கா, நீங்க சொன்ன ஓட்டைய அடச்சுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "என்கூட வரீங்களா?" என்றார். இருவரும் பெரம்பலூர் சென்றோம்.

அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. ஒருவர் தம் சகலையின் காது மந்தத்தைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தார். சிந்து நேராக மேசைக்குச் சென்று சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"சார், கொறை கண்டுபிடிங்கன்னு பஸ் ஸ்டாண்டுல பேனர் வச்சிருக்கீங்க. அத அவனும் பாப்பான்ல? இவங்கள்லாம் அண்டாவுக்காகத் தேடுறாங்க. அவன் எதுக்காகத் தேடுவான் சார்?"

சகலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து சிந்துவுக்கு நாற்காலியை விட்டார். பிறகு திரு. வீரமணி, "தளத்த அமத்துப்பா" என்றார். "சார், முகூர்த்த மாசம் வருது சார்" என்றார் திரு. முத்தமிழ்செல்வன். "அமத்துங்கறேன்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் படிக்கட்டு காலியாயிற்று. தளம் அப்போதே நிறுத்தப்பட்டது. சிந்துவின் விவரங்கள் அவர் கண் முன்னாலேயே அழிக்கப்பட்டன. பிளெக்ஸை அவிழ்க்க ஆளை அனுப்பாமல் திரு. வீரமணியே தம் ஸ்கூட்டரில் போனார். அந்த முன்னாள் கணவர் கையில் சிந்துவின் முகவரி இதுவரை சிக்கவில்லை என்பதை நிம்மதியுடன் தெரிவிக்கிறேன்.

11. அதன் பிறகு திரு. வீரமணி, நான் முதலில் சொன்ன இரண்டாம் வகைக்கு ஒப்புக்கொண்டார். எழுத்தில் அனுமதி தந்தார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதப்பட்டது. 'மணமகன்களின் குணநலன் இச்சோதனையில் அடங்காது' என்பதை என் வற்புறுத்தலின் பேரில் சேர்த்தார்கள். நான், திரு. உபைத், எங்களுக்கு அறிமுகமான வெளியூர் நிபுணர் ஒருவர் என மூவர் சேர்ந்து சோதித்தோம். நிராகரிக்கப்பட்ட சீட்டை எழுதியவரே திரு. உபைத் என்று அறிந்ததும் திரு. முத்தமிழ்செல்வனுக்குச் சங்கடமாகிவிட்டது. திரு. உபைத், "பரவால்ல பாய், இன்ஷா அல்லாஹ் இந்தத் தடவ பேரோட எழுதித் தரேன்" என்றார். என் மடிக்கணினி இல்லாததால் அவருடைய கணினியிலேயே நானும் வேலை செய்தேன்.

முதலில் கண்ட ஓட்டை தவிர வேறு சிலவும் அகப்பட்டன. அவற்றில் ஒன்று, உள்ளே நுழையாமலேயே யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சம்மதம் தெரிவித்துவிடலாம் என்பது. அதாவது, ஐயா, பொண்ணும் மாப்பிள்ளையும் அறியாமல் அந்தத் தளத்தில் ஒரு சம்பந்தத்தை முடித்தே விடலாம். திரு. முத்தமிழ்செல்வன் முதலில் முகம் சுளித்தாலும், பிறகு ஒவ்வொன்றாக எங்களோடு உட்கார்ந்து திருத்தினார். ஒரு கட்டத்தில் நாங்கள் தவறவிட்ட ஒன்றை அவரே கண்டுபிடித்துக் கத்திய கத்தலில் கீழ்த்தள மருந்துக் கடைக்காரர் ஓடி வந்தார். மறுசோதனையும் முடிந்து தளம் இப்போது பாதுகாப்பாக இயங்குகிறது. அடுத்த ஆண்டு பக் பவுண்டியும் வைக்க இருக்கிறார்கள். இம்முறை விதிமுறைகளை நான் எழுதித் தருகிறேன். மணமகன் படம் போடுவதில்லை என்றும் உறுதி பெற்றிருக்கிறேன்.

12. திரு. வீரமணி பார்வை இரண்டில் கண்ட கடிதத்தை அளித்த பின்னரும் என் மீதான புகார் மனு முடித்து வைக்கப்படாமல் நிலுவையில் உள்ளது. முதல் தகவல் அறிக்கை பதியப்படவில்லை என்பதால் எதை ரத்து செய்வது என்பதில் ஐயம் இருப்பதாகச் சொன்னார்கள். இதற்கிடையே, ஒரு வெளிநாட்டு மருத்துவமனையின் தளத்தைச் சோதிக்கும் குழுவில் தேர்வாகியிருந்த நான், என் கணினி இல்லாமையால் விலக நேர்ந்தது. அதைவிட, தெருவில் என்னை 'கேஸ்ல மாட்டுன பொண்ணு' என்கிறார்கள். என் தந்தை அதிகம் பேசாதவர். சென்ற வாரம் மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "நீ தப்பு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு காயிதம் இருந்தா நல்லாருக்கும்" என்றார். அவருக்காகவும் இம்மனுவை எழுதுகிறேன்.

எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

அ) என் மீதான புகாரில் முகாந்திரம் இல்லை என்று முடித்து வைத்து, அதற்கு எழுத்து மூலம் ஒரு சான்று தருமாறும்,

ஆ) இனி எவரேனும் ஒரு தளத்தில் குறை இருப்பதாகத் தெரிவிக்க வந்தால், முதலில் குறையைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஆளை விசாரிக்குமாறு நிலையங்களுக்கு அறிவுறுத்துமாறும்,

இ) என் மடிக்கணினியைத் திருப்பித் தர உத்தரவிடுமாறும்

பணிந்து வேண்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. சென்ற வாரம் விவரம் கேட்க நிலையம் சென்றபோது, என் மடிக்கணினி முன்புற மேசையில் பத்திரமாக இருப்பதைப் பார்த்தேன். விசாரணைக்காக என்னிடம் கேட்டுப் பெற்ற கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, அதன் மூடியிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மனு கொடுக்க வருபவர்கள் அனைவரும் படிக்கும்படி இருக்கிறது. நான் நின்றிருந்தபோது ஒரு பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பரிசும் வேண்டாம். அந்தத் தாளை மட்டும் கிழித்துவிடச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நாள்: 12.11.2025
இடம்: வேப்பந்தட்டை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
க. வினோதினி

இணைப்பு:
1. திரு. வீரமணி என் மீது புகார் இல்லை என அளித்த கடிதத்தின் நகல்.
2. தளத்தைச் சோதிக்க அவர் அளித்த எழுத்துப்பூர்வ அனுமதியின் நகல்.
3. மறுசோதனை அறிக்கை (சிந்து அவர்களின் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன).